நாம்பூர்க்காரர்களின் புறங்கை

நாம்பூர் என்றதும் ஆம்பூருக்கு அடுத்த நிறுத்தமோ என்று தோன்றும். இது ஆஸ்திரேலியாவில், குவீன்ஸ்லாந்து மாநிலத்தில், பிரிஸ்பேனுக்கு வடக்கே சுமார் நூறு கிலோமீட்டரில் இருக்கிற சிற்றூர். கரும்பு விளைந்த ஊர். சர்க்கரை ஆலை 2003 வரை ஓடிக்கொண்டிருந்தது. தினமும் சன்ஸ்க்ரீன் பூசினால் தோல் சீக்கிரம் கிழடு தட்டாது என்று யூட்யூபில் யாராவது சொன்னால், அந்தப் பேச்சின் நூலைப் பிடித்துக்கொண்டே போனால் பெரும்பாலும் இந்த ஊரில்தான் போய் நிற்போம்.

1992இல் அடேல் கிரீன் என்ற மருத்துவ ஆய்வாளர் தலைமையிலான குழு இந்த ஊர்க்காரர்கள் 1,621 பேரை ஆய்வில் சேர்த்தது. குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு எஸ்.பி.எஃப். (வெயிலை எவ்வளவு தடுக்கும் என்று டியூபில் போடும் எண்) 15 அளவுள்ள சன்ஸ்க்ரீனை இலவசமாகக் கொடுத்து, தினமும் காலையில் முகம், கழுத்து, கைகள், புறங்கை எல்லாவற்றிலும் பூசச் சொன்னார்கள். வியர்த்துக் கொட்டினால், குளித்தால், நெடுநேரம் வெயிலில் நின்றால் மறுபடி பூச வேண்டும். இன்னொரு பாதியிடம், உங்கள் வழக்கப்படியே இருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். மருந்து ஆய்வுகளில் செய்வதுபோல் வெறும் க்ரீமைக் கொடுத்து ஏமாற்றவில்லை. தோல் புற்றுநோய் மலிந்த ஊரில், பாதுகாப்பு இருப்பதாக நம்பவைத்து மனிதர்களை வெயிலில் அனுப்புவது அறமில்லை என்பது காரணம்.

எனக்கு இந்த ஆய்வில் பிடித்தது இரண்டு சங்கதிகள். ஒன்று, கொடுத்த புட்டிகளைத் திரும்ப வாங்கி எடை போட்டுப் பார்த்தார்கள். "தினமும் பூசுகிறேன் டாக்டர்" என்று வாய் சொல்லும். புட்டி பொய் சொல்லாது. இரண்டாவது, தோலின் முதுமையை முகத்தைப் பார்த்து மதிப்பிடவில்லை. பல் டாக்டர் அச்செடுப்பதுபோல, புறங்கையில் சிலிகோன் குழைவை அப்பி அச்செடுத்தார்கள். ஆரம்பத்தில் ஒன்று, நாலரை ஆண்டு கழித்து ஒன்று. வயது முதிர முதிர புறங்கையின் நுண்ணிய கோடுகள் தங்கள் ஒழுங்கை இழந்து, தட்டையாகி, ஆங்காங்கே ஆழமான பள்ளங்களாகின்றன. யாருடைய அச்சு எது என்று தெரியாத ஆட்கள் அவற்றை உருப்பெருக்கியில் வைத்துத் தரம் பிரித்தார்கள். 55 வயதுக்குக் கீழே இருந்த 903 பேரின் முடிவு 2013இல் வெளியானது. தினமும் பூசியவர்களின் தோலில், அந்த நாலரை ஆண்டில் கண்டுபிடிக்கக்கூடிய அளவு முதுமை கூடவே இல்லை. மற்றவர்களோடு ஒப்பிட்டால் 24 சதவீதம் குறைவு. கூடவே பாதிப் பேருக்கு, கேரட்டில் இருக்கும் பீட்டா கரோட்டின் என்ற சத்தை மாத்திரையாகவும் கொடுத்துப் பார்த்தார்கள். அதனால் ஒன்றும் ஆகவில்லை. "உள்ளிருந்து ஒளிரும் சருமம்" என்று விற்கப்படும் மாத்திரைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும்.

புற்றுநோய்க் கணக்கு தனி. செதிள்செல் புற்றுநோய் ஏறக்குறைய 40 சதவீதம் குறைந்தது. அடித்தள செல் புற்றுநோயில் வித்தியாசம் தெரியவில்லை. ஆய்வு முடிந்து பத்தாண்டுவரை தொடர்ந்து கவனித்ததில், தோல் புற்றுநோய்களில் மிக ஆபத்தான மெலனோமா, தினமும் பூசிய குழுவில் 11 பேருக்கும், மற்ற குழுவில் 22 பேருக்கும் வந்திருந்தது.

புட்டியை எடை போட்டார்கள் என்றேனே, அதிலிருந்து கிடைத்த தகவல்தான் வேடிக்கை. டியூபில் அச்சிடும் எஸ்.பி.எஃப். எண்ணைச் சோதனைக்கூடத்தில் கணக்கிடும்போது, ஒரு சதுர சென்டிமீட்டர் தோலுக்கு 2 மில்லிகிராம் என்று பூசுவார்கள். நாம்பூர்க்காரர்கள் சராசரியாகப் பூசியது 0.79 மில்லிகிராம். பாதிகூட இல்லை. பூசியதும் இன்றைய கடைக் கணக்கில் சாதாரணமான எஸ்.பி.எஃப். 15. அப்படியும் பலன் தெரிந்தது. எஸ்.பி.எஃப். 50ஆ 70ஆ என்று கடையில் கால்மணி நேரம் நிற்பதைவிட, இருப்பதைத் தினமும் பூசுவதுதான் காரியம் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரிந்து இல்லை.

வெயில் தோலை என்ன செய்கிறது? நம் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர்களில் தரைக்கு வருபவை இரண்டு வகை: யுவி-ஏ, யுவி-பி. யுவி-பி கொஞ்சம், ஆனால் முரடு. மேல்தோலோடு நின்று, செல்லின் டி.என்.ஏ.வை நேரடியாகச் சிதைக்கும். தோல் சிவந்து எரிவது பெரும்பாலும் இதனால்தான். யுவி-ஏ சாது மாதிரி வரும். தரைக்கு வரும் புற ஊதாவில் 95 சதவீதம் இதுதான். எரியாது, சுடாது. ஆனால் ஆழமாக இறங்கும். தோலைக் கட்டில் கயிறு மாதிரி இழுத்துப் பிடித்திருப்பது கொலாஜன், எலாஸ்டின் என்ற இழைகள். இந்தக் கதிர் பட்டதும் கொலாஜனை அறுக்கும் நொதிகள் தோலுக்குள்ளேயே சுரக்கின்றன. அறுந்ததை உடம்பு சரிசெய்யும், ஆனால் முழுசாக இல்லை. நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகத் தங்கிப்போன குறைதான் ஐம்பது வயதில் தொய்ந்த கட்டிலாகத் தெரிகிறது.

யுவி-ஏ கண்ணாடி ஜன்னலையும் தாண்டிவிடும். 2012இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் ஒரு படம் வந்தது. 28 ஆண்டுகள் லாரி ஓட்டிய 69 வயதுக்காரரின் முகம். வலது பாதி அவர் வயதுக்கு ஏற்றபடி இருந்தது. ஜன்னல் பக்கமிருந்த இடது பாதி, தடித்து, வரிவரியாக, வேறொரு கிழவருடைய முகத்தை ஒட்டவைத்தாற்போல. அமெரிக்காவில் ஓட்டுநர் இடது பக்கம் உட்காருகிறார். நம்மூரில் வலது பக்கம். டவுன் பஸ்ஸில் ஏறி ஓட்டுநருக்குப் பின்னால் நின்றால், இரண்டு முழங்கைகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஜன்னலில் ஊன்றியிருக்கும் வலது கை ஒரு படி கறுத்திருக்கும். ஆனால் நம் ஓட்டுநரிடம் தெரிவது கறுப்பு. அமெரிக்கரிடம் தெரிந்தது சுருக்கம். இந்த வித்தியாசத்தை வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

நாம்பூரில் நிரூபணமானது நமக்கு எவ்வளவு பொருந்தும் என்பதை யாரும் விரித்துச் சொல்வதில்லை. சன்ஸ்க்ரீன் அறிவுரை அங்கிருந்து கப்பலேறி, கொரியா வழியாக இன்ஸ்டாகிராமில் இறங்கி, அப்படியே நம் குளியலறை அலமாரிக்கு வந்துவிட்டது. "வீட்டுக்குள் இருந்தாலும் பூசு, மழையிலும் பூசு, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பூசு." நடுவில் யாரும், இது எந்தத் தோலுக்குச் சொன்னது என்று கேட்கவில்லை.

வெயிலைப் பொறுத்தவரை நாம் நாம்பூருக்கு இளைத்தவர்கள் இல்லை. சென்னையில் ஆண்டுக்கு இரண்டு நாள், ஏப்ரல் 24ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 18ஐ ஒட்டியும், நண்பகலில் சூரியன் உச்சந்தலைக்கு நேராக நிற்கும். செங்குத்தாக நட்ட கம்புக்கு நிழல் விழாது. நிழலில்லா நாள் என்று அறிவியல் இயக்கத்தினர் பள்ளிக் குழந்தைகளைக் கூட்டி மைதானத்தில் காட்டுவார்கள். கன்னியாகுமரியில் அது ஏப்ரல் 10 வாக்கிலேயே வந்துவிடும். நாம்பூரில் அப்படியொரு நாள் வருவதே இல்லை. அது மகர ரேகைக்குத் தெற்கே இருக்கிறது. கதிரின் கடுமையை எண்ணில் சொல்லும் புற ஊதாக் குறியீடு 11ஐ எட்டினாலே உலக சுகாதார நிறுவனம் அதை "மிகக் கடுமை" என்கிறது. நம் கோடையில் நண்பகலில் அது சர்வசாதாரணம். வெப்பத்தை வைத்து இதைக் கணக்கிட முடியாது. ஊட்டியில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, "வெயில் உறைக்கவே இல்லையே" என்று படகு விடுகிறோம். ஆயிரம் மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய பத்து சதவீதம் புற ஊதா கூடும். ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல். திரும்பி வந்ததும் மூக்கு நுனி கறுத்திருப்பதற்குக் குளிரைத் திட்டுவோம். குறியீட்டு எண் தெரியாவிட்டால் பரவாயில்லை. தரையில் உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக இருந்தால் கதிர் கடுமை என்று பொருள்.

வெயில் ஒன்றுதான், தோல்தான் வேறு. நாம்பூரில் பெரும்பாலோர் ஐரோப்பாவிலிருந்து குடியேறியவர்களின் வழிவந்தவர்கள். பனிமூட்டத்துக்குப் பழகிய தோலை வெப்பமண்டல விளிம்பில் கொண்டுபோய் நட்டுவிட்டார்கள். ஆஸ்திரேலியர்களில் மூன்றில் இருவருக்கு 70 வயதுக்குள் ஏதோ ஒரு தோல் புற்றுநோய் கண்டுபிடிக்கப்படுகிறது என்பது அதன் விலை. 1981இல் ஒரு கடற்காகத்தைக் கார்ட்டூனாக வரைந்து, சட்டை போடு, க்ரீம் பூசு, தொப்பி வை என்று தொலைக்காட்சியில் பாடவைத்தார்கள். பல பள்ளிகளில் இன்றும் தொப்பி இல்லாத குழந்தையை விளையாட விடமாட்டார்கள். அந்தப் பதற்றம் அவர்களுக்கு நியாயமானது.

நம் தோலில், நிறம் தரும் பொருளான மெலனின் அதிகம். அது வெறும் சாயமில்லை. தோல் செல்லுக்குள் போன மெலனின் மணிகள், நடுவிலிருக்கும் உட்கருவின் தலைக்குமேல், வெயில் வரும் திசையில் குவிந்து நிற்கும். உள்ளிருக்கும் டி.என்.ஏ.வுக்குக் குடை பிடித்த மாதிரி. 1979இல் அமெரிக்காவில் செய்த அளவீட்டில், வெள்ளையரின் மேல்தோல் யுவி-பி கதிரில் 24 சதவீதத்தை உள்ளே விட்டது. கறுப்பினத்தவரின் மேல்தோல் ஏழு சதவீதத்தைத்தான் விட்டது. எஸ்.பி.எஃப். கணக்கில் சொன்னால் முன்னது 3 சொச்சம், பின்னது 13 சொச்சம். நாம் இரண்டுக்கும் நடுவே, ஆளுக்கு ஆள் மாறி நிற்கிறோம். இந்தியாவில் வெயிலால் வரும் தோல் புற்றுநோய் அரிதாக இருப்பதற்கு இதுவே காரணம். கருந்தோலில் மெலனோமா வந்தாலும் பெரும்பாலும் உள்ளங்காலிலும் உள்ளங்கையிலும் நகத்தடியிலும்தான் வருகிறது. வெயிலே படாத இடங்கள். அங்கே ஆறாத கரும்புள்ளி ஒன்று பரவிக்கொண்டே போனால் டாக்டரிடம் காட்ட வேண்டும். அதற்கும் சன்ஸ்க்ரீனுக்கும் சம்பந்தமில்லை.

ஆஸ்திரேலியர்களே இதை ஒப்புக்கொண்டுவிட்டார்கள். 2024இல் அங்கே மருத்துவ அமைப்புகள் சேர்ந்து வெளியிட்ட நிலைப்பாட்டில், தோல் நிறத்தைப் பார்த்து அறிவுரையை மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். அடர்ந்த பழுப்பும் கறுப்புமான தோலுள்ளவர்கள், இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருக்கப்போவதில்லை என்றால் வழக்கமாகச் சன்ஸ்க்ரீன் பூச வேண்டியதில்லை. அவர்களுக்கு வைட்டமின் டி குறைபாடுதான் பெரிய கவலை என்கிறது அது. சிட்னியிலோ மெல்போர்னிலோ இருக்கிற தமிழர்கள் இதை ஒருமுறை படித்துப் பார்க்கலாம். சென்னையில் புற்றுநோய்க்குப் பயந்து க்ரீம் பூசுகிறவரைக் கண்டால், நாம்பூரின் பயத்தை நாம் ஏன் சுமக்கிறோம் என்று எனக்குத் தோன்றும்.

அப்படியானால் நமக்குச் சன்ஸ்க்ரீனே வேண்டாமா? வேண்டும், வேறொரு காரணத்துக்கு. அந்தக் காரணத்துக்குத் தமிழில் ஏற்கெனவே பெயர் இருக்கிறது: மங்கு.

என் சித்திக்கு இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு கன்னமெலும்பில் இரண்டு பக்கமும் பழுப்புத் திட்டு விழுந்தது. பட்டாம்பூச்சி இறக்கை மாதிரி. மேலுதட்டிலும் லேசாக. "வயசானா வர்றதுதான்" என்று பத்து வருஷம் விட்டுவிட்டார். அப்புறம் பக்கத்து மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ஒரு க்ரீம் வாங்கிப் பூசினார். மூன்றே வாரத்தில் முகம் பளிச்சென்று ஆகிவிட்டது. நிறுத்தியதும் முன்பைவிடக் கறுப்பாகத் திரும்பி வந்தது. கூடவே முகம் சிவந்து, மெல்லிய ரத்த நாளங்கள் தெரிய ஆரம்பித்தன. உள்ளே இருந்தது ஸ்டீராய்டு. இந்தக் கதை தமிழ்நாட்டில் தெருவுக்கு ஒன்று இருக்கும். தோல் மருத்துவர்கள் ஆண்டுக்கணக்கில் கத்தியதன் பேரில், 2018இல் ஸ்டீராய்டு பூச்சுகள் டாக்டர் சீட்டில்லாமல் விற்கக்கூடாத பட்டியலுக்குள் கொண்டுவரப்பட்டன. பட்டியலில் சேர்ந்துவிட்டது, கவுன்ட்டரில் இன்னமும் கிடைக்கிறது.

பிள்ளைப்பேறு, ஹார்மோன், பரம்பரை எல்லாம் சேர்ந்துதான் மங்கு வருகிறது. ஆனால் அதைத் தூண்டுவதும், ஆறவிடாமல் வைத்திருப்பதும் வெளிச்சம். மொராக்கோவில் கர்ப்பிணிப் பெண்கள் 185 பேர் கர்ப்பம் முழுக்கத் தினமும் சன்ஸ்க்ரீன் பூசி ஆய்வை முடித்தார்கள். புதிதாக மங்கு விழுந்தது ஐந்து பேருக்கு மட்டும். அதே நாட்டில் அதற்கு முன் எடுத்த கணக்கில் கர்ப்பிணிகளில் பாதிக்கு மேற்பட்டோருக்கு அது வந்திருந்தது. ஒரே ஆய்வுக்குள் வைத்து ஒப்பிடாததால் இதை முழு நிரூபணம் என்று சொல்ல மாட்டேன். இருந்தாலும் வித்தியாசம் கண்ணைக் குத்துகிறது. மொராக்கோப் பெண்களின் தோல் நாம்பூரைவிட நமக்குப் பக்கத்தில் இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும்.

இதோடுதான் டியூபின் மேலிருக்கும் எண்ணைப் படிக்க வேண்டும். எஸ்.பி.எஃப். என்பதைக் கணக்கிடுவது எப்படி? வெளிர்ந்த தோல் கொண்ட ஆட்களின் முதுகில் பூசி, விளக்கொளி காட்டி, தோல் எப்போது சிவக்கிறது என்று பார்ப்பார்கள். எஸ்.பி.எஃப். 30 என்றால் சிவக்கவைக்கும் கதிரில் முப்பதில் ஒரு பங்கு உள்ளே போகும், அதாவது 97 சதவீதம் தடுக்கப்படும். 50 என்றால் 98. முப்பதுக்கும் ஐம்பதுக்கும் இடையில் விலையில் இருக்கிற வித்தியாசம் காரியத்தில் இல்லை. கேட்க வேண்டிய கேள்வி வேறு. நம்மில் எத்தனை பேர் வெயிலில் சிவந்திருக்கிறோம்? "வெயில்ல சுத்தாதடி, கறுத்துடுவ" என்றுதான் அம்மாக்கள் சொன்னார்கள். சிவந்துடுவ என்று எந்த அம்மாவும் சொல்லிக் கேட்டதில்லை. நமக்கு நடக்காத ஒன்றை அளக்கிற எண்ணைப் பார்த்து நாம் பொருள் வாங்குகிறோம்.

கறுப்பதை அளக்கிற எண்ணும் டியூபில் இருக்கிறது, சின்ன எழுத்தில். பி.ஏ. என்று போட்டுப் பக்கத்தில் கூட்டல் குறிகள் இருக்கும். படித்து வாங்கிய பட்டமில்லை. யுவி-ஏ கதிர் பட்டுத் தோல் கறுப்பதை எவ்வளவு தடுக்கிறது என்பதற்கு ஜப்பானியர்கள் 1996இல் கொண்டுவந்த அளவு. ஒரு கூட்டல் என்றால் கொஞ்சம், நான்கு என்றால் அதிகபட்சம். எஸ்.பி.எஃப். 30, பி.ஏ. நான்கு கூட்டல் என்று ஒன்றும், எஸ்.பி.எஃப். 70, பி.ஏ. எதுவுமே போடாமல் ஒன்றும் இருந்தால், நான் முதலாவதைத்தான் எடுப்பேன்.

அதோடும் முடியவில்லை. கண்ணுக்குத் தெரிகிற சாதாரண வெளிச்சமே, அதிலும் நீல ஒளி, நம் போன்ற தோலைக் கறுக்கவைக்கிறது. வெள்ளைத் தோலில் இதே ஒளியைக் காட்டினால் ஒன்றும் ஆவதில்லை. 2010 வாக்கில் செய்த சோதனைகளில் இது தெளிவானது. வழக்கமான சன்ஸ்க்ரீன் கண்ணுக்குத் தெரியாமல் இருக்க வேண்டும் என்றுதான் செய்யப்படுகிறது. கண்ணுக்குத் தெரியாதது எதுவும் கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தடுக்காது, யோசித்துப் பார்த்தால் சாதாரண விஷயம். தடுக்க நிறம் வேண்டும். அந்த நிறம் பெரும்பாலும் இரும்பு ஆக்சைடு. கோயில் மதிலில் வெள்ளைக்கு நடுவே பட்டை அடிக்கிறார்களே, அந்தக் காவியும் அதே சரக்குதான். மெக்சிகோவில் மங்கு உள்ளவர்களை இரு குழுவாக்கி, ஒரே மருந்தோடு, ஒரு குழுவுக்குச் சாதாரண சன்ஸ்க்ரீனும் மற்றதற்கு இரும்பு ஆக்சைடு கலந்ததும் கொடுத்துப் பார்த்தார்கள். கலந்ததைப் பூசியவர்களுக்குத்தான் மங்கு கூடுதலாகக் குறைந்தது. கடையில் இதை "டின்டட்" என்று கேட்க வேண்டும். தோல் நிறத்துக்கு ஏற்றதைத் தேடிப்பிடிப்பது இங்கே இன்னும் பாடுதான். பெரும்பாலான டின்ட் வெளுத்த தோலை மனதில் வைத்தே கலக்கப்படுகிறது.

டின்ட் இல்லாத துத்தநாக ஆக்சைடு வகையை வாங்கிய கூத்து எனக்கும் உண்டு. காலையில் பூசிக்கொண்டு ஹாலுக்கு வந்தேன். சித்தி நிமிர்ந்து பார்த்து, "என்னடி, பழனிக்கா கிளம்பிட்ட? விபூதிய அள்ளிப் பூசியிருக்க" என்றார். நம் நிறத்தில் அந்த வெள்ளைப் படலம் சாம்பலாகத்தான் தெரியும். அது கதிரைக் கண்ணாடி மாதிரி திருப்பி அனுப்புகிறது என்று விற்பனையில் சொல்வார்கள். பாதிக் கதை. அதுவும் மற்ற வேதிப்பொருள்களைப் போலப் பெரும்பகுதியை உறிஞ்சித்தான் தடுக்கிறது. இயற்கை, செயற்கை என்று இதில் பெரிய பிரிவினை எதுவுமில்லை. எரிச்சல் தாங்காத தோலுக்குத் துத்தநாகம் ஒத்துக்கொள்ளும், அவ்வளவுதான். தேங்காயெண்ணெய் போதும் என்று வாட்ஸ்ஆப்பில் சுற்றுவதை நம்பவே வேண்டாம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மங்கு வராமல் காப்பது வேறு, வெளுப்பது வேறு. சன்ஸ்க்ரீன் உங்களைப் பிறந்த நிறத்தைவிட வெளுக்கவைக்காது, அதன் வேலையும் அதுவல்ல. சட்டைக்குள் இருக்கிற வயிற்றின் நிறம்தான் உங்கள் நிறம். அதற்கு மேல் ஆசைப்பட்டால் ஏமாற்றம். 2020இல் ஃபேர் அண்ட் லவ்லி தன் பெயரிலிருந்து "ஃபேர்" என்ற சொல்லை எடுத்துவிட்டு "க்ளோ" என்று வைத்துக்கொண்டது. பெயர் போய்விட்டது. ஆனால் சன்ஸ்க்ரீன் விளம்பரங்களில் "டேன் போக்கும்", "பிரகாசமாக்கும்" என்று அதே சரக்கு வேறு டப்பாவில் வருகிறது என்பது என் சந்தேகம்.

நாம்பூர்க்காரர்களின் புட்டியை எடை போட்டதைப் படித்த பிறகு, எனக்கும் கை சும்மா இருக்கவில்லை. சமையலறையில் மாவு நிறுக்கும் டிஜிட்டல் தராசில் என் டியூபை வைத்து எண்ணைக் குறித்துக்கொண்டேன். பத்து நாள் வழக்கம்போல் பூசிவிட்டு மறுபடி வைத்தேன். குறைந்தது நான்கு கிராம். ஒரு நாளைக்கு 0.4. முகமும் கழுத்தும் சேர்த்து ஏறக்குறைய 600 சதுர சென்டிமீட்டர் என்று வைத்தால், லேபிளில் உள்ள எண் கிடைக்க 1.2 கிராம் வேண்டும். நான் மூன்றில் ஒரு பங்குதான் பூசியிருக்கிறேன். நாம்பூர்க்காரர்களைவிடவும் கஞ்சம். எஸ்.பி.எஃப். 50 என்று வாங்கியது என் முகத்தில் பதினேழைத் தாண்டியிருக்காது. டியூப் நாலு மாதம் வந்ததே என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்!

தராசு வேண்டாமென்றால், ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் அடியிலிருந்து நுனிவரை இரண்டு கோடு பிதுக்கிக்கொண்டால் முகத்துக்கும் கழுத்துக்கும் ஏறக்குறைய சரியாக வரும். ஒரே தடவையில் அப்பினால் வழுக்கும். பாதிப் பாதியாக இரண்டு தடவை தடவினால் படியும். காதும் பின்கழுத்தும் எல்லோருக்கும் மறந்துபோகும் இடங்கள். இந்தக் கணக்கில் 50 கிராம் டியூப் நாற்பது நாள்தான். மத்தியானம் ஒருமுறை சேர்த்துப் பூசினால் மூன்று வாரம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை என்ற விதி, க்ரீம் தானாகக் காலாவதியாவதால் வந்ததல்ல. வியர்வையும் துடைப்பும் அதை அழித்துவிடுவதால் வந்தது. ஏசி அறையில் ஜன்னலுக்குத் தள்ளி உட்கார்ந்திருப்பவர் மணி பார்த்துப் பூச வேண்டியதில்லை. சைதாப்பேட்டை சிக்னலில் வியர்த்து, கைக்குட்டையால் முகம் துடைப்பவருக்கு அரைமணியிலேயே பாதி போய்விடும்.

லேபிளையும் முழுக்க நம்ப முடியாது. சன்ஸ்க்ரீனை மருந்துபோலக் கட்டுப்படுத்தும் ஆஸ்திரேலியாவிலேயே, 2025இல் சாய்ஸ் என்ற நுகர்வோர் அமைப்பு 20 பொருள்களைச் சோதித்தபோது 16 பொருள்கள் லேபிளில் போட்ட எண்ணை எட்டவில்லை. எஸ்.பி.எஃப். 50க்கு மேல் என்று போட்டிருந்த ஒன்று வெறும் 4தான் காட்டியது. இந்தியாவில் இது அழகுசாதனப் பொருள் என்ற கணக்கில்தான் விற்கப்படுகிறது.

வைட்டமின் டி பற்றிக் கேட்பீர்கள். வெளியில் நடமாடுகிறவர்கள் சன்ஸ்க்ரீன் பூசியதால் மட்டும் பெரிய பள்ளத்தில் விழுவதாகப் பழைய ஆய்வுகள் காட்டவில்லை. நாம் பூசுகிற லட்சணத்தில் எப்படி விழும்? ஆனால் எஸ்.பி.எஃப். 50ஐத் தினமும் ஒழுங்காகப் பூசியவர்களிடம் குறைபாடு சற்றுக் கூடுதலாக இருந்ததாக 2025இல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ஆய்வு சொல்கிறது. நமக்கு ஏற்கெனவே அது பற்றாக்குறை. முகத்துக்குப் பூசிவிட்டுக் கைகால்களைக் கொஞ்ச நேரம் வெயிலில் விடுவதுதான் நான் செய்வது.

க்ரீமுக்கு முன்னால் துணி இருந்தது என்பது இந்தப் பேச்சில் அடிபட்டுப் போகிறது. மெல்லிய வெள்ளை பனியன் துணி புற ஊதாவில் ஏழில் ஒரு பங்கை உள்ளே விடும். நனைந்தால் மூன்றில் ஒரு பங்கு. நெருக்கமாக நெய்த, அழுத்தமான நிறமுள்ள துணி ஏறக்குறைய எதையும் விடாது. கறுப்புக் குடையும் அப்படித்தான், கூடவே கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் சேர்த்து மறைக்கும். ஸ்கூட்டியில் துப்பட்டாவைச் சுற்றி, முழங்கைவரை உறை மாட்டிக்கொண்டு போகிற பெண்களைப் பார்த்து ஒரு காலத்தில் நானும் சிரித்திருக்கிறேன். தோல் கணக்கில் என்னுடைய 0.4 கிராமைவிட அவர்கள் எவ்வளவோ மேல்.

நல்ல சன்ஸ்க்ரீன் டியூப் ஒன்று நானூறு, ஐநூறு ரூபாய். நூறு நாள் வேலையில் 2025-26க்குத் தமிழ்நாட்டில் நிர்ணயித்த நாள் கூலி 336. செங்கல்பட்டு தாண்டி ரயிலில் போகும்போது வயலில் குனிந்திருக்கும் பெண்களைப் பாருங்கள். புடவைக்கு மேல் வீட்டுக்காரருடைய முழுக்கைச் சட்டை, பொத்தான் கழுத்துவரை போட்டு. தலையில் சும்மாடு மாதிரி சுற்றிய துண்டு, அதன் ஒரு முனை கன்னத்தை மறைத்துத் தொங்கும். சட்டை பெரும்பாலும் கருநீலம், காக்கி, ஏதோ ஒரு யூனிஃபார்மின் மிச்சம். வெளியே தெரிவது கண்ணும், நாற்றுப் பிடித்த புறங்கையும்தான்.